நோட்டில் இருபத்தெட்டு

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். ஜெயக்கொடி கேழ்வரகுக் களியைக் கிண்டி இறக்கிவிட்டு, கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மூன்று பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி இடுப்பில் பச்சை பிளாஸ்டிக் குடம் இருந்தது. முன்னால் வந்தவள் மீனம்பாள் என்று தெரிந்ததும் ஜெயக்கொடியின் கை புளித்தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டது.

ஐந்து மாதமாக அவள் பயந்துகொண்டிருந்தது இந்த வருகைக்குத்தான்.

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற ரோட்டில், ராஜகிரிக் கோட்டை முதுகைக் காட்டுகிற பக்கம், அவள் புருசன் அரிகிருஷ்ணனுக்கு மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. தாய் மீனுக்கு ஊசி போட்டு, முட்டை எடுத்து, பொரிக்கவைத்து, விரல் நீளத்துக்கு வளர்த்துக் கொடுப்பார்கள். அவலூர்பேட்டையிலிருந்துகூட ஏரி குத்தகைக்காரர்கள் டெம்போவில் டின்களை அடுக்கிக்கொண்டு வருவார்கள். அரிகிருஷ்ணன் பண்ணைக் குஞ்சு என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

மீனம்பாள் அந்தப் பண்ணைக்குப் பின்னால், கரும்புக்கொல்லை தாண்டி இருக்கிற காலனியைச் சேர்ந்தவள். பத்து வருசம் இதே பண்ணையில் சேறு வாரவும் வலை இழுக்கவும் வந்தவள். போன வருசம் அவளும் காலனிப் பெண்கள் ஒன்பது பேரும் குழுவாகச் சேர்ந்து ஊர்த் தாங்கலை, அந்தச் சின்ன ஏரியை, மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதுவரை தாங்கல் ஊர்க்காரர்கள் கையைவிட்டுப் போனதில்லை. பஞ்சாயத்தில் கேட்டு, கிடைக்காமல், கலெக்டரிடம் மனு கொடுத்து, நாலு தடவை விழுப்புரத்துக்கு பஸ் ஏறி வாங்கினாள் மீனம்பாள். தாங்கல் கிடைத்ததும் குஞ்சு வாங்க வேறெங்கும் போகவில்லை. நேராக இங்கேதான் வந்தாள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். போன ஆனியில் பாண்டிச்சேரியில் நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவர் கனமான வேலைக்குப் போவதில்லை.

"இன்னா மீனம்பா, கூட்டமா வந்துட்டீங்க?"

"ஐயா, இத்த கொஞ்சம் பாருங்க." குடத்தைச் சாய்த்துச் சிமெண்டுத் தரையில் மீனைக் கொட்டினாள். ஏழெட்டு ரோகு. கையகலம்கூட இல்லை. தலை மட்டும் பெரிசாக, உடம்பு ஒட்டிப்போய்க் கிடந்தன. "புரட்டாசில உட்டது. அரைக் கிலோவுக்கு வந்திருக்கணும். தவிடு போட்டோம், புண்ணாக்கு போட்டோம், சாணி கரைச்சு ஊத்தினோம். எதுவும் ஏறல."

"தண்ணி வத்திப்போச்சா?"

"ரொம்பி நிக்குதுய்யா. ஐப்பசி மழைல கலங்கல் வழிஞ்சிச்சு. மீனு போயிடாம முன்னாடியே அங்க வலை கட்டி வச்சோம். மீனுன்னா தண்ணி வர்ற பக்கம் எதுத்து ஏறும்ல? இதுங்க ஏறல. தண்ணி இஸ்துகினு போற போக்குல போயி வலையில அப்பிக்கினு செத்துச்சு. மழைல நின்னுகினு கை கையா அள்ளிப் போட்டேன். அப்பவே மனசு இன்னாவோ மாதிரி ஆயிடுச்சு."

அரிகிருஷ்ணன் மீனைப் புரட்டிப் பார்த்தார். முகம் இறுகியது. தன் பண்ணையைக் குறை சொல்ல வந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"இப்ப இன்னா சொல்ல வரே? குஞ்சு சரியில்லன்றியா?"

"அப்டி சொல்லலய்யா. கேக்கலாம்னு..."

"எத கேக்கறது? இதே செட்டுக் குஞ்ச அவலூர்பேட்டக்காரனும் எடுத்திருந்தா அவன கேக்கலாம். மொத்தமும் நீங்கதான் எடுத்தீங்க. சேறு வாரத் தெரிஞ்சா மீனு வளக்கத் தெரிஞ்சிடுமா? தீனி போட நேரம் காலம் இருக்குது, அளவு இருக்குது. பத்து பொம்பளைங்க பத்து விதமா கொட்டியிருப்பீங்க. இது உங்க பரம்பரைல பாத்த வேலையா?"

குடம் தூக்கி வந்தவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜெயா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "இங்க வா. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப அந்த செட்ட இறக்கனது நீதானே? குஞ்சு எப்டி இருந்துச்சு, சொல்லு இவங்களுக்கு."

ஜெயக்கொடி கையை முந்தானையில் துடைத்தபடி நிலைப்படிக்கு வந்தாள். மீனம்பாள் அவளைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் கொஞ்சமும் இல்லை. ஒரு வைத்தியரைப் பார்க்கிற பார்வை.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ஜெயக்கொடி.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மீனம்பாள். குனிந்து மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குடத்தில் போட்டாள். சிமெண்டில் ஒட்டியிருந்த செதிலைக்கூடக் கையால் வழித்து எடுத்தாள். "வரோம்மா."

அன்றைக்குக் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டாள் ஜெயக்கொடி. அரிகிருஷ்ணன் அது தெரியாமலே சாப்பிட்டார். அவருக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

நடந்தது இதுதான்.

ஆனியில் தாய் மீன்கள் வயிறு பெருத்துப் பக்குவத்துக்கு வந்திருந்த நேரத்தில் அரிகிருஷ்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போனில், "உட்டுடு ஜெயா. இந்த வருசம் முட்ட எடுக்க வேணாம்" என்றார். பக்கத்துக் கொல்லை முருகையன், அவருடைய பங்காளி, வேலி ஓரம் நின்று சிரித்தான். "அண்ணி, மீனுக்கு ஊசி போடறதும் தோச ஊத்தறதும் ஒண்ணில்ல."

இருபத்திரண்டு வருசம் ஊசி மருந்து கலந்து கொடுத்ததும், முட்டையைத் துணியில் வடித்ததும், ராவும் பகலும் தொட்டியைக் காத்ததும் அவள். பேர் மட்டும் அவருடையது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது என்பதே முருகையன் சிரித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் சாயங்காலம் தன் கையாலேயே ஊசி போட்டாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு முட்டை பொரிப்புத் தொட்டிக்கு வந்துவிட்டது. ஜவ்வரிசி வேகவைத்தது போல, கண்ணாடியாக, வட்டத் தொட்டியில் சுழன்றுகொண்டிருந்தது. போர்வெல் தண்ணீர் குளிர்ச்சியாக ஓடிக்கொண்டே இருந்தால் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குப் பொரியும். இருபத்தெட்டு டிகிரி இருக்க வேண்டும். கணக்கு அவளுக்குத் தண்ணிபட்ட பாடு.

காலை ஒன்பது மணிக்கு ரோட்டோர டிரான்ஸ்பார்மர் வெடித்தது. கரண்ட் நாளைக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். போர் மோட்டார் நின்றது. டீசல் எஞ்சினைப் போட்டு மேல்தொட்டித் தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டாள். முட்டை அடியில் தங்கினால் செத்துவிடும், சுழல வேண்டும். சுழன்றது. ஆனால் மேல்தொட்டி திறந்த தொட்டி. செஞ்சி வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் பாறை, மேலே சூரியன் அடித்தது போதாதென்று பக்கத்திலிருந்து குன்றும் அடித்தது. பத்து மணிக்கு முப்பது டிகிரி. பன்னிரண்டுக்கு முப்பத்திரண்டு. ஈரச் சாக்கை எடுத்து மூடினாள். சாக்கு அரை மணியில் காய்ந்தது. இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தாள். முப்பத்திநாலு.

முருகையனிடம் ஜெனரேட்டர் இருந்தது. போரும் இருந்தது. நூறடி ஹோஸ் போட்டால் கால் மணியில் குளிர்ந்த தண்ணீர் வந்திருக்கும். போனை எடுத்தாள். அவன் பேரைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினாள். "நான் அப்பவே சொன்னேனே அண்ணி" என்று அவன் சொல்லப்போகிற குரல் காதில் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் பொரிந்துவிட்டது. பன்னிரண்டே மணி நேரம். நாலைந்து மணி நேரம் முந்தி. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "பொரிஞ்சிடுச்சு! மொத்தமும் பொரிஞ்சிடுச்சு!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் அரிகிருஷ்ணன் அழுதார். "உன் கைராசி ஜெயா. எனக்கே இப்டி வந்ததில்ல" என்றார். நர்ஸிடம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதும் கேட்டது.

பண்ணையில் ஒரு நோட்டு உண்டு. இரண்டு மணிக்கொரு தரம் தண்ணீர்ச் சூட்டைப் பார்த்து எழுதுவது அரிகிருஷ்ணனின் பழக்கம். அன்றைய பக்கம் காலியாக இருந்தது. அவர் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஜெயக்கொடி பேனாவை எடுத்து, எல்லாக் கட்டத்திலும் இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று எழுதினாள்.

குஞ்சுகள் வளர்ந்தன. நீளத்தில் குறையில்லை. ஆனால் புரட்டாசியில் ஒருநாள், யாரும் இல்லாத நேரம், ஒரு அலுமினிய அன்னக்கூடையில் நூறு குஞ்சை விட்டுக் கையால் தண்ணீரைச் சுழற்றிவிட்டாள். அரிகிருஷ்ணன் விற்பதற்கு முன் வாங்குகிறவர் கண் முன்னால் செய்துகாட்டுகிற சோதனை அது. நல்ல குஞ்சு சுழலை எதிர்த்து நீந்தும். இவை சுழலோடு சுற்றின. வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வைக்கோல் துரும்பு போலச் சுற்றின. அவள் தண்ணீர் அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எல்லாவற்றையும் பழையபடி குளத்தில் விட்டாள்.

மூன்றாம் நாள் மீனம்பாள் குழுவோடு வந்தாள். பத்துப் பெண்களும் தலைக்குக் குளித்து, கோயிலுக்கு வந்த மாதிரி வந்திருந்தார்கள். டின்னில் நிரப்புவதற்கு முன் ஜெயக்கொடி, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், பழக்கத்தில் அன்னக்கூடையை எடுத்துவிட்டாள்.

மீனம்பாள் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். "ஐய, வேணாம்மா. உங்க கையால வாங்கறதுக்கு சோதன வேறயா? பத்து வருசமா பாக்கறேன் உங்கள."

அன்னக்கூடையைக் கீழே வைத்தபோது ஜெயக்கொடிக்கு அப்பாடா என்றிருந்தது. பின்னால் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். எழுதிய பொய்யைவிட, அந்த அப்பாடாதான் அவளைக் கூசவைத்தது.

மீனம்பாள் குடத்தோடு வந்துபோன பிறகு நாட்கள் மோசமாகின. பவுனம்மாள் அதே குழுவில் ஒருத்தி. வாரத்துக்கு இரண்டு நாள் பண்ணைக்குக் கோரை பிடுங்க வருவாள். கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி அவள் சொல்வதை ஜெயக்கொடி கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

"குழு ஒடஞ்சிரும் போல இருக்குதும்மா. தலைவி பொறுப்புலேந்து மீனம்பாள எறக்கிட்டோம்."

"ஏன்?"

"ஏன்னா? அவதானே மொதக் குஞ்ச அள்ளி தாங்கல்ல உட்டா. கைராசி இல்லன்றாங்க. ஊர்க்காரங்க டீக்கடைல குந்திக்கினு, 'கலெக்டரு தாங்கல குடுத்தாரு, மீன யாரு குடுப்பா?'ன்னு சிரிக்கிறாங்க. எங்க ஊட்டு ஆம்பளைங்களே சிரிக்கிறாங்க, அத சொல்லுங்க. வர்ற புதன்கெழம பஞ்சாயத்துல பேசி தாங்கல திருப்பி எடுத்துக்கப் போறாங்களாம்."

"மீனம்பா இன்னா சொல்றா?"

"அவ இன்னா சொல்லுவா? வாயே தொறக்கறதில்ல. அவ மருமவ பெத்துக்கினு வந்திருக்குது. கொழந்தைய இன்னும் அவ கையால தூக்கல. எவளோ இன்னாவோ சொல்லிட்டா போல." பவுனம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். "எனக்கே ஒரு பக்கம் சந்தேகந்தான். நான் சொல்லக்கூடாது."

ஜெயக்கொடி தண்ணீரில் இறங்கி, தேவையில்லாத இடத்தில் கோரையைப் பிடுங்கினாள்.

இதற்கு நடுவில் நிலா என்கிற பெண் வந்தாள். மீன்வளக் கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கிறவள். இந்தப் பக்கத்து ஏரி மீன்களை எடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். கலெக்டர் ஆபீஸுக்குத் தாங்கலுக்காக அலைந்தபோது அவளைச் சந்தித்திருந்த மீனம்பாள்தான் தாங்கல் மீனையும் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். மீனைப் பார்த்த நிலா, குஞ்சு வந்த இடத்தைப் பார்க்கலாம் என்று பண்ணைக்கு வந்தாள். முதல் நாள் நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து லேப்டாப்போடு மறுபடி வந்தாள்.

"இது மண்டகப்பட்டு ஏரி ரோகு" என்று திரையில் ஒரு படத்தைக் காட்டினாள். கோரைக்கட்டைக் குறுக்கே அறுத்து வைத்த மாதிரி, நெருக்கமாக, பொடிப்பொடி வட்டங்கள். "ஒவ்வொரு வட்டமும் ஒரு தசை நார். இது உங்க குஞ்சு, தாங்கல் மீனு." இதில் வட்டங்கள் கொஞ்சம்தான். இடைவெளி விட்டு, தடித்தடியாக இருந்தன.

"தீனி பத்தலயா?" என்றார் அரிகிருஷ்ணன்.

"தீனி போட்டா நாரு தடிக்கும் சார். ஆனா ஆரம்பத்துல எத்தன நாரு அமையுதுன்றது பெரும்பாலும் முட்டைக்குள்ள இருக்கறப்பவே முடிவாயிடும். அப்ப தண்ணி சூடு ஏறிட்டா கரு அவசர அவசரமா வளந்து சீக்கிரம் பொரிஞ்சிடும். நாரு அமைய நேரம் பத்தாது. வெளிய பாத்தா குஞ்சு நல்லாத்தான் தெரியும். நீச்சல்ல தெம்பு இருக்காது, வளர்ச்சியும் பிடிக்காது. அப்புறம் என்ன போட்டாலும் ஈடுகட்ட முடியாது. அதனாலதான் உங்க நோட்டைக் கேட்டேன்."

ஜெயக்கொடி டீ டம்ளர்களோடு நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"ஆனா உங்க நோட்டுல நாள் முழுக்க இருபத்தெட்டுதான் இருக்கு" என்றாள் நிலா. "அவ்ளோ சரியா யாருமே வச்சிக்கறதில்ல. அப்ப முட்டை மேல தப்பில்ல. தாங்கல்லயே ஏதோ கோளாறு, இல்லன்னா அவங்க வளர்ப்புல. அப்படித்தான் எழுதித் தரப் போறேன். பஞ்சாயத்துலயும் கேட்டிருக்காங்க."

அந்தப் பெண் டீயைக் குடித்துவிட்டு, "நல்லா இருந்திச்சு ஆன்ட்டி" என்று சொல்லி ஸ்கூட்டியில் போய்விட்டாள்.

அரிகிருஷ்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய களை வந்தது. "பாத்தியா? நம்ம நோட்டு நம்மளக் காப்பாத்திருச்சு. நீ எழுதனது. நான் இல்லாத நேரத்துலயும் உடாம எழுதனே பாரு."

"நான் பாத்து எழுதல."

"இன்னா?"

"நோட்டுல இருக்கறது நான் பாத்து எழுதனது இல்ல. தண்ணி முப்பத்திநாலுக்குப் போயிடுச்சு."

ஆரம்பித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டிரான்ஸ்பார்மர், முருகையன், அன்னக்கூடை எல்லாம். ஸ்டென்ட் வைத்த நெஞ்சில் அவர் கை போனதைப் பார்த்து அவள் பயந்து கிட்டே போனாள். அவர் கையை நீட்டித் தள்ளி நிற்கச் சொன்னார்.

"கரண்ட் போனது உன் தப்பா? எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா அந்த செட்ட குளத்துல கொட்டிடச் சொல்லியிருப்பேன். எத்தன செட்ட கொட்டியிருக்கேன்!" குரல் உடைந்தது. "நாய வெரட்டற மாதிரி வெரட்டினேனேடி அந்தப் பொம்பளைங்கள. பரம்பரைய இஸ்துப் பேசினேன். உன் நோட்ட நம்பி."

"புதன்கெழம பஞ்சாயத்து. அதுக்குள்ள சொல்லணும்."

"அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு நோட்டு நம்பர மட்டும் மாத்தச் சொல்லு. அது போதும்."

"அவளுக்கும் சொல்றேன். ஆனா மீனம்பாகிட்ட நேர்ல சொல்லணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா இந்தப் பண்ணைக்கு இனி யாரும் வரமாட்டாங்க, தெரியுமில்ல?" அவள் காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். பிறகு அவரே, "போ. நானும் வரணும். ஆனா அந்தத் தெருவுல நின்னு பேச எனக்கு மூஞ்சி இல்ல" என்றார்.

நிலாவுக்கு அப்போதே போன் செய்தாள். அந்தப் பெண், "இத நீங்க எழுதித் தருவீங்களா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள். தருகிறேன் என்றாள் ஜெயக்கொடி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜெயக்கொடி கரும்புக்கொல்லை வரப்பில் நடந்தாள். கால் மணி நடைதான். அந்தக் காலனிப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அவள் நிலத்தில் வேலைக்கு வந்தவர்கள். வாக்கப்பட்டு வந்து இருபத்திரண்டு வருசத்தில் அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்ததில்லை. போக வேண்டிய வேலை வந்ததில்லை என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தாள்.

எந்த வீடு என்று தெரியவில்லை. குழாயடியில் இருந்த பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் குடத்தை அப்படியே விட்டுவிட்டு, "மீனம்பாக்கா, பண்ணக்காரம்மா வந்துக்கினு இருக்காங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் ஓடினாள்.

மீனம்பாள் வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். உள்ளே குழந்தை சிணுங்கியது. அவள் புருசன் ராஜாராம் நூறு நாள் வேலைக்குக் கிளம்பி, மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

"வாங்கம்மா. சொல்லி உட்டிருந்தா நானே வந்திருப்பேனே." மீனம்பாள் பதறி எழுந்தாள். "ஏங்க, அந்தச் சேர எடுத்தாங்க."

"வேணாம். நின்னே சொல்லிட்றேன். தாங்கல்ல உங்க மேல தப்பு இல்லீங்க."

இந்த 'ங்க' தன் வாயில் எப்படி வந்தது என்று ஜெயக்கொடிக்கே தெரியவில்லை.

"குஞ்சு மேலதான் தப்பு. முட்ட இருந்த தண்ணி கொதிச்சிடுச்சு. அப்பவே எனக்குத் தெரியும். விக்கறதுக்கு முன்னாடி சோதிச்சும் பாத்தேன், எதுத்து நீந்தல. தெரிஞ்சேதான் குடுத்தேன். அன்னிக்கு நீங்க கொடத்தோட வந்தப்பவும் தெரிஞ்சேதான் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்."

திட்டுவாள் என்று நினைத்தாள். கையிலிருக்கிற சுள்ளியால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று வழியெல்லாம் தீர்மானித்து வந்திருந்தாள். மீனம்பாள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"அப்ப என் கை இல்லியா?" என்றாள்.

"இல்ல."

"நெசமாவா? தாங்கல்ல மொதல்ல உட்டது நானு. நான் தொட்டதாலதான்னு..." வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். கோபத்தின் அழுகை இல்லை அது. ஏதோ வியாதி இல்லை என்று டாக்டர் சொன்னால் வருமே, அந்த அழுகை. ஜெயக்கொடியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. போகவும் முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ராஜாராம் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். "நாலஞ்சு மாசமா ஐப்பசி மழைல செத்த மீனையே பேசிக்கினு இருக்கறாம்மா இவ" என்றான். குரல் உயரவில்லை. "ராவுல எழுந்து கையப் பாத்துக்குவா. பேரப்புள்ளயத் தூக்க மாட்டேன்றா. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"ஆமா" என்றாள் ஜெயக்கொடி. "புதன்கெழம பஞ்சாயத்துலயும் வந்து சொல்றேன். அந்தக் கல்லூரிப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். குஞ்சுக்கு வாங்கின காசையும் நான்..."

"அதெல்லாம் அப்பால பேசலாம்." மீனம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்குள் போனாள். மருமகளிடம் ஏதோ சொல்வது கேட்டது. வெளியே வந்தபோது தோளில் குழந்தையைப் போட்டிருந்தாள். முப்பது நாள் பிள்ளை, தலை நிற்கவில்லை. ஒரு கையால் அதன் பின்தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

ஜெயக்கொடி கும்பிட்டாள். வந்த காரியம் முடிந்தது என்று நினைத்து, கரும்புக்கொல்லைப் பக்கம் திரும்பினாள்.

"எங்க போறே?"

திரும்பிப் பார்த்தாள். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். நாலாவது வீட்டு வாசலில் பவுனம்மாள், பாத்திரம் தேய்த்த கையோடு, இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வூட்டுல சொன்னே. இன்னும் ஒம்போது வூடு இருக்குது" என்றாள் மீனம்பாள். குழந்தையைத் தோளில் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கி முன்னால் நடந்தாள். "வா."

பத்து வருசத்தில் மீனம்பாள் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஜெயக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பின்னால் போனாள்.